மூட்டைப் பலகையில் ஒரு வீல்சேர்

1. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை

நான் போய்ச் சேர்ந்தபோது வீல்சேர் பலகையின் நடுவில் நின்றுகொண்டிருந்தது. பின்னால் இரண்டு லோடுமேன்கள் கைப்பிடியை இழுத்துப் பிடித்திருந்தார்கள். முன்னால் ஒருவர் குனிந்து சின்னச் சக்கரத்தைத் தூக்கிவிடப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியில் இருந்த ஃபரீதா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். தெருவில் பாதிப் பேர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மீதிப் பேர் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

ஃபரீதாவின் அண்ணன் ஜாஃபர் பாய் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார். வலங்கைமானில் அரிசி மண்டி வைத்திருப்பவர். மண்டியில் மர வேலை எது வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்.

"வாங்க மேஸ்திரி, வாங்க. பலகை நல்ல பலகைதான். என்னன்னு தெரியல, மக்கர் பண்ணுது."

பலகை நல்ல பலகை என்பது எனக்குத் தெரியாதா? அதைச் செய்தவனே நான்தான். லாரியில் நெல் மூட்டை ஏற்றுவதற்காக அவருடைய மண்டிக்குச் செய்துகொடுத்தது. முதுகில் மூட்டையோடு ஏறுகிறவருக்குக் கால் வழுக்கக்கூடாது. அதனால் அடிக்கு ஒரு குறுக்குச் சட்டம் அடித்திருப்போம். கால் விரலை அதில் ஊன்றி ஏறுவார்கள். எங்கள் பக்கம் சாய்வுப் பலகை என்றாலே குறுக்குச் சட்டம் உண்டு. சட்டம் இல்லாமல் செய்து கொடுத்தால் காசை வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டான் என்பார்கள்.

பாய் அந்தப் பலகையை மண்டியிலிருந்து தூக்கி வந்து வீட்டு வாசல்படி மேல் சாய்த்திருக்கிறார். தங்கை வழுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று லோடுமேன்களை வைத்து இன்னும் நாலு சட்டம் கூடுதலாக அடித்திருக்கிறார். பாசத்தில்தான். வீல்சேரின் முன்சக்கரமோ உள்ளங்கை அகலம். முதல் சில சட்டங்களை எப்படியோ தாண்டி, நடுவில் ஒன்றில் இடித்து நின்றுவிட்டது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை.

நாங்கள் நாலு பேருமாக நாற்காலியோடு தூக்கி மேலே கொண்டுபோய் வைத்தோம். ஃபரீதா முகத்திலிருந்து கையை எடுத்தார். அழுதிருப்பார் என்று நினைத்தேன். அழவில்லை, கோபம். கண் சிவந்திருந்தது.

"அண்ணே, இன்னொரு தடவை என்னை யாராவது தூக்கினீங்கன்னா, நான் இந்த வாசலுக்கே வர மாட்டேன்."

2. பெருநாள் வரைக்கும்

அப்புறம் விஷயத்தைச் சொன்னார்கள். ஃபரீதா லேப் டெக்னீஷியன். தெருமுனையில் இருக்கும் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. கும்பகோணம் போகும் வழியில் ஸ்கூட்டர் விபத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. படுக்கையில் கிடந்து தளர்ந்த கைகளில் பலம் திரும்பிவிட்டது. மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்குக் கால் எதற்கு?

லேப் ஓனரம்மா நல்ல மனுஷி. "பெருநாள் வரைக்கும் உன் சீட்ல யாரையும் உக்கார வைக்க மாட்டேன்மா. அதுக்கப்புறம் எனக்கும் ஆள் வேணும்ல?" என்று சொல்லியிருந்தார். நோன்பு அப்போது தொடங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

லேப் கூப்பிடு தூரம். தெரு சமதரை. வீட்டு வாசல் மட்டும்தான் இடைஞ்சல். மழைக்காலத்தில் தெருவே வாய்க்காலாக ஓடும் என்பதால் பாயின் அத்தா தரைமட்டத்தை மூன்றடி தூக்கிக் கட்டியிருந்தார். அந்த மூன்றடிதான் அந்தப் பெண்ணை வீட்டுக்குள் அடைத்து வைத்திருந்தது.

"நான் தினம் ரெண்டு வேளை தூக்கி இறக்கி விட்டுட மாட்டேனா மேஸ்திரி? என் தங்கச்சிதானே?" என்றார் பாய்.

"நீங்க ஊருக்குப் போயிருந்தா? மண்டியில லாரி நின்னா?" என்றார் ஃபரீதா. "நான் வேலைக்குப் போறதா வேணாமாங்கிறத உங்க லாரியா முடிவு பண்ணும்?"

நான் பலகையைச் சுவர் ஓரமாக நகர்த்தப் போனேன். அண்ணன் தங்கை பேச்சில் தச்சனுக்கு என்ன வேலை!

"சிமெண்ட்டுல போட்டுடலாமே" என்று யாரோ சொன்னார்கள். நான் முற்றத்தைச் சுற்றிப் பார்த்தேன். எங்கள் ஊர்களில் எதைக் கட்டினாலும் முதலில் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும். அந்த வீட்டுக் கொல்லைத் தண்ணீர் முழுக்க முற்றத்தின் குறுக்கே ஓடித்தான் தெரு வடிகாலில் விழுகிறது. சிமெண்ட் மேடு போட்டு அதை அடைத்தால் ஐப்பசியில் கூடத்துக்குள் மீன் பிடிக்கலாம். மரத்தில் கால் நிறுத்திப் போட்டால் அடியில் தண்ணீர் பாட்டுக்குப் போகும். மரம்தான் என்று முடிவானது.

"எத்தனை வருஷம் வரும்?" என்று ஃபரீதா கேட்டார்.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டில் யாரும் உளி பிடித்தவர்கள் இல்லை. எல்லோரும் வயல் வேலை. நான் கல்ஃபில் ஷட்டரிங் அடித்துத் தொழில் கற்றவன். ஷட்டரிங் மரம் கான்கிரீட் இறுகும்வரை நின்றால் போதும். மூட்டைப் பலகை ரெண்டு அறுவடை தாங்கினால் அதிகம். வெயிலிலும் மழையிலும் வருஷக்கணக்கில் கிடக்கிற மரம் எனக்குப் பழக்கமில்லை.

"விசாரிச்சுட்டுச் சொல்றேம்மா" என்றேன். ஆழம் தெரியாமல் காலை விடுகிற வயதை நான் தாண்டிவிட்டேன்.

3. செங்கல் மேல் பலகை

முதலில் சரிவு. பாய்க்கு வாசலிலிருந்து கேட்டுக்கு நேராக இறக்கிவிட ஆசை. முற்றம் அந்தப் பக்கம் பத்தடிகூட இல்லை. அவ்வளவு செங்குத்தாகப் போட்டால் இறங்குகிறவர் நேராகத் தெருவைத் தாண்டி எதிர்வீட்டுக் கூடத்தில்தான் போய் நிற்பார். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கல்ஃபில் ஆஸ்பத்திரிக் கட்டடங்களில் பார்த்த கணக்கு. ஆனால் கணக்கு ஏறாது, கைதானே ஏற வேண்டும்!

அதனால் முற்றத்தில் செங்கல் அடுக்கி, மேலே வெறும் பலகையைப் போட்டேன். ஒரு செங்கல், ரெண்டு செங்கல் என்று உயரத்தை மாற்றி மாற்றி ஃபரீதாவை ஏறச் சொன்னேன். பின்னால் நான் நின்றேன், தொடவில்லை. செங்குத்தாக வைத்தபோது முன்சக்கரம் தூக்கிக்கொண்டது. அந்தப் பன்னிரண்டுக் கணக்கில் ஏறினார். ஆனால் பாதியில் மூச்சு வாங்கியது.

"முடியுது மேஸ்திரி. நடுவுல நின்னு மூச்சு விட ஒரு எடம் மட்டும் வேணும்."

பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க ஒரு தடவை உக்காந்து ஏறுங்களேன்."

லோடுமேன்கள் சிரித்தார்கள். நான் உட்கார்ந்தேன். நாற்பது வருஷம் சுத்தியல் பிடித்த கை, பாதி வழியிலேயே சோர்ந்துவிட்டது. பின்னால் சாய்ந்து விழப்போகிற மாதிரி இருந்தது. பலகையின் ஓரம் எங்கே இருக்கிறது என்று உட்கார்ந்தவருக்குத் தெரியாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இறங்கியதும் ஓரத்துக்கு ரெண்டு பக்கமும் விளிம்புக் கட்டை, உட்கார்ந்தால் கைக்கு எட்டுகிற உயரத்தில் கைப்பிடி என்று சுண்ணாம்புக் கட்டியால் தரையிலேயே எழுதினேன்.

முப்பத்தாறு அடி நீளத்தை எங்கே வைப்பது? வாசலிலிருந்து வீட்டுச் சுவரை ஒட்டி இடது பக்கம் பாதி, அங்கே நாற்காலி திரும்ப ஒரு மேடை, அங்கிருந்து கேட்டை நோக்கி மீதிப் பாதி. முற்றத்தின் நீளம் அதற்குச் சரியாக இருந்தது. ஒரே சிக்கல், பழைய வாசல்படி நடுவில் நின்றது. அதை இடித்தால்தான் வழி.

பாய் முகம் மாறியது. "படி இல்லாத வீடா? நாளைக்கு வர்றவங்க போறவங்க எப்படி ஏறுவாங்க?"

"நான் ஏறுற வழியிலதான்" என்றார் ஃபரீதா. "எனக்கு மட்டும் தனி வழின்னா அது எனக்கு வேணாம்ணே."

மறுநாள் பாயே முன்னால் நின்று படியை இடிக்கச் சொன்னார்.

4. கருவாட்டு வாசம்

மரத்தைப் பற்றி விசாரிக்க நாகப்பட்டினம் போனேன். இப்போது எல்லாம் ஃபைபர் படகு. ஆனாலும் மரப்படகு பழுது பார்க்கிற ஒருவர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்தார். உப்புத் தண்ணீரிலேயே கிடக்கிற மரத்தைக் காப்பாற்றுகிறவருக்கு என் மூன்றடி வாசல் பெரிய விஷயமா?

"மரம் முகத்துல தண்ணி குடிக்காது. அறுத்த வாயில குடிக்கும்" என்றார் அவர். "பலகை முனை, போல்ட்டு ஓட்டை, அத மொதல்ல அடைங்க. அப்புறம் ஈரம் புடிச்சா காயறதுக்கு வழி விடுங்க. அம்புட்டுதான்."

மீன் எண்ணெய் ஒரு டின் கொடுத்தார். முந்திரிக்கொட்டைத் தோட்டில் எடுக்கிற எண்ணெயும் வாங்கிக்கொண்டேன். கும்பகோணத்தில் ஒரு பழைய வீடு பிரித்த வேங்கை மரம் கிடைத்தது, நன்றாகக் காய்ந்தது. பலகையை அறுத்து முனைக்கெல்லாம் மீன் எண்ணெய் தடவி முற்றத்தில் வைத்தேன். நோன்பு மாதம், பகல் பன்னிரண்டு மணி, நல்ல வெயில். தெரு முழுக்க வாசம்.

பாய் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். "மேஸ்திரி, நோன்பு வச்சிருக்கவன் வீட்டுல கருவாடு காயப் போடுறீங்களே, நியாயமா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. மிச்சப் பலகையைப் பூராவும் என் ஊருக்கு ஏற்றிப் போய் அங்கே முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசினேன். அது தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும். என் முழங்கை ஒரு வாரம் கொப்புளமாக இருந்தது. அதனால் கைப்பிடிக்கு மட்டும் அதைத் தொடவில்லை, ஆளிவிதை எண்ணெய்தான் தேய்த்தேன்.

தொழில் கற்கிற இளம் பிள்ளைகள் கேட்பதால் மற்றதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் களிமண் கோடையில் கை நுழைகிற அளவு வெடிக்கும், மழையில் உப்பும். அதில் மரக்காலை நட்டால் ஒரு வருஷத்தில் ஆடும், ரெண்டாம் வருஷம் மக்கும். குழி எடுத்து ஆற்றுமணல் நிரப்பி, மேலே சிமெண்ட் கட்டை வைத்து, அதில் மரக்காலின் அடியைப் பிடிக்கிற இரும்புக் காலணி பதித்து அதன்மேல்தான் மரம் நின்றது. மண்ணை மரம் தொடவே இல்லை. பலகையில் மரப்பட்டை இருந்த பக்கத்தை மேலே வைத்தேன், வளைந்தாலும் நடுவில் தண்ணீர் தேங்காது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே பென்சில் நுழையாத இடைவெளி. ஆணியே கிடையாது, எல்லாம் துருப்பிடிக்காத எஸ்.எஸ். ஸ்குரூவும் ஜி.ஐ. போல்ட்டும். வழுக்காமலிருக்க, கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே சலித்த மணலைத் தூவினேன்.

5. பெருநாள் கழித்து

பெருநாளுக்கு ரெண்டு நாள் முன்னால் வேலை முடிந்தது. பெருநாள் அன்று வந்த விருந்தாளிகள் அத்தனை பேரும் அந்தச் சரிவில்தான் நடந்து ஏறினார்கள். பிரியாணித் தேக்சாவைத் தள்ளுவண்டியோடு ஏற்றிக் கொண்டுபோன சமையல்காரர், "இது முன்னாடியே இருந்திருந்தா என் இடுப்பு தப்பிச்சிருக்குமே பாய்" என்றாராம்.

ஃபரீதா வேலைக்குப் போன அன்று காலை நான் அங்கே இல்லை. இறங்கிவிடுவார் என்று தெரியும். சாயங்காலம் களைத்த கையோடு ஏறுவதில்தான் எனக்குச் சந்தேகம். நாலு மணிக்கு வானம் கறுத்தது. கோடை மழை. ஒரு வேலையாக வலங்கைமான் கடைத்தெருவில் இருந்தேன், பாயிடமிருந்து போன்.

"மேஸ்திரி, மண்டி வாசல்ல நெல்லு தெறந்து கெடக்கு. தார்ப்பாய் போட்டுட்டிருக்கேன். தங்கச்சி கெளம்பிருச்சாம். கொஞ்சம் போய் நில்லுங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

நான் போய்ச் சேர்வதற்குள் மழை வலுத்துவிட்டது. ஃபரீதா பெரிய மழைக்கோட்டு போட்டுக்கொண்டு தெருவில் வந்துகொண்டிருந்தார். கேட்டைத் தாண்டி என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு ஏற ஆரம்பித்தார். நான் கீழேயே நின்றேன். யானைக்கும் அடி சறுக்கும். நான் தூவிய மணல் எம்மாத்திரம்? வாய்க்குள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். சக்கரம் சறுக்கவில்லை. பலகை இடுக்கு வழியாகத் தண்ணீர் சொட்டிச் சொட்டிக் கீழே ஓடிக்கொண்டிருந்தது.

திரும்புகிற மேடையில் நாற்காலி நின்றுவிட்டது. நகரவில்லை. கை ஓய்ந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் சொன்னதெல்லாம் மறந்து, பிடித்துத் தள்ளலாம் என்று மேலே ஓடினேன்.

ஃபரீதா மழைக்கோட்டுத் தொப்பியைத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார். முகத்தில் மழையோ கண்ணீரோ தெரியவில்லை, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்ல மேஸ்திரி. மழையில நனைஞ்சு ரொம்ப நாளாச்சு. அதான் நின்னேன்." பிறகு என் சட்டையைப் பார்த்தார். "நீங்க ஏன் இப்படி நனையிறீங்க? மேல வாங்க, டீ போடச் சொல்றேன்."

சக்கரத்தைத் திருப்பி அவர் முன்னால் போனார். நான் அவர் பின்னால் விருந்தாளியாக ஏறினேன்.

அதற்கப்புறம் மூன்று ஐப்பசி பார்த்துவிட்டது அந்தச் சரிவு. வருஷம் ஒருமுறை எண்ணெய் பூசுவதோடு சரி. அதைப் பார்த்துவிட்டு இப்போது பல ஊர்களிலிருந்து கூப்பிடுகிறார்கள். கூப்பிடுவது எப்போதும் அண்ணன், மகன், மருமகன்தான். உயரம் எவ்வளவு, எங்கே வைக்கலாம், எந்தப் பக்கம் பார்வையாக இருக்கும் என்று எல்லாம் அவர்களே சொல்லிவிடுவார்கள். நான் பொறுமையாகக் கேட்டுக்கொள்வேன். கடைசியில் ஒன்று மட்டும் சொல்வேன். இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளும் டேப்பைக் கையில் எடுப்பதற்கு முன்னால் இதைச் சொல்லிப் பழக வேண்டும்.

"எல்லாம் சரிங்க. போனை அவங்ககிட்ட குடுங்க."

"யாருகிட்ட?"

"ஏறப் போறவங்ககிட்ட."