நட்சத்திரக் கூரையும் இரும்புக் கம்பியும்

ஆக்லாந்தில் நிலநடுக்கம் அபூர்வம்தான். ஆனாலும் பழைய செங்கல் கட்டடம் என்றால் நகரசபை விடாது. பலப்படுத்து, இல்லையேல் பூட்டு. அதற்குக் கணக்குப் போட்டு வரைந்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. போன வருஷம் என் மேசைக்கு வந்தது, தமிழ்ப் பூசை நடக்கும் ஒரு மாதா கோயில். இரண்டு பக்கச் சுவர்களையும் இழுத்துப் பிடிக்க, தலைக்கு மேலே குறுக்காக இரும்புக் கம்பிகள் வேண்டும் என்றேன். அவ்வளவுதான், கூட்டத்தில் ஒரு யாழ்ப்பாணத்து ஆன்ட்டி எழுந்துவிட்டார்.

"ஆண்டவருக்கு முன்னால கம்பியோ? ஜெயில் மாதிரியெல்லோ இருக்கும்! நான் உயிரோட இருக்குமட்டும் விடமாட்டன்."

அவர் சொன்னால் அங்கே மறுபேச்சு இல்லை. கம்பி இல்லையென்றால் கோயிலுக்குப் பூட்டு, பூசைக்கு வேறு இடமும் கிடையாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த எரிச்சலோடுதான் கணவரோடு லீவில் இத்தாலி போனேன். ஒரு சின்ன ஊரில், பல நூறு வருஷப் பழைய தேவாலயம். உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தேன். கூரை முழுக்க ஆழ்ந்த நீலம், அதில் பொன் நட்சத்திரங்கள். சுவர்களில் கட்டம் கட்டமாக மாதாவின் கதை. ஒரு கட்டத்தில் குழந்தையைக் குளிப்பாட்டப் போகிற பெண், சூடு சரியா என்று தண்ணீரைக் கையால் தொட்டுப் பார்க்கிறாள். அடடா, இதையெல்லாம் வரையத் தோன்றியதே!

பிறகுதான் கவனித்தேன். வளைவின் ஒரு காலிலிருந்து மறு காலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி! மடக்கு ஏணியின் இரண்டு கால்களும் அகன்றுவிடாமல் நடுவில் கயிறு கட்டுவோமே, அதே வேலை. ஓவியர் கொத்தனாரைத் திட்டியிருப்பாரா? கிட்டே போய்ப் பார்த்தால், கம்பி சுவருக்குள் நுழையும் இடத்தைச் சுற்றி அழகாக ஒரு பூ வரைந்திருந்தார். அப்படியானால் கம்பிதான் முதலில், படம் பிறகு. சந்தோஷம் தாங்கவில்லை. வெளியே ஓடினேன்.

கணவரும் யாழ்ப்பாணம். பின்னாலேயே வந்தார். "சனம் கழுத்து நோகப் படம் பார்க்குது. நீர் இங்க என்ன தேடுறீர்?"

"கம்பி எங்க முடியுதுன்னு."

"கடவுளே!" என்றார். வெளிச்சுவரில் இரும்புத் தகடும், அதை இறுக்கிய ஆப்பும் இருந்தன. அதையும் படம் பிடித்துக்கொண்டேன்.

திரும்பி வந்ததும் அடுத்த கூட்டத்தில் தேவாலயத்தின் உட்புறப் படத்தைத் திரையில் போட்டேன். ஆன்ட்டி எழுந்து கிட்டே வந்தார்.

"என்ன வடிவு! அந்த நீலத்தைப் பாருங்கோவன். செட்டை விரிச்ச சம்மனசுகளின்ர முகத்தைப் பாருங்கோ..." வெகுநேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "எல்லாம் சரி பிள்ளை, நீர் சொன்ன கம்பி எங்க?"

திரையில் விரல் வைத்துக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரைக்கும் பார்த்தார்.

"இது எப்ப இருந்து கிடக்கு?"

"படம் வரையிறதுக்கு முன்னாடியிருந்தே இருக்கு ஆன்ட்டி."

ஆன்ட்டி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப ஏன் சும்மா நிக்கிறீர்? மாதா திருநாளுக்கு முன்னம் கம்பியைப் போட்டு முடிச்சுவிடும்!"