ஓரிக்கை வீட்டில் எரிந்த சுவிட்ச்

ஓரிக்கையில் அந்த வீட்டுக்கு நானும் பாயும்தான் போனோம். சோலார் பொருத்தும் வேலையில் பல வருஷமாக நாங்கள் கூட்டாளிகள். அவர் என்னைவிட மூத்தவர். எனக்கு அவர் பாய், அவருக்கு நான் தம்பி.

அங்கே சோலார் பொருத்தியது வேறு யாரோ. மாடிப்படியோரம் இருக்கும் சோலார் சுவிட்ச் பெட்டியிலிருந்து பொசுங்கல் நாற்றம் வருகிறது என்று வீட்டுக்காரர் போன் செய்திருந்தார். நல்ல உச்சி வெயில்.

பேனலிலிருந்து வருவது ஒரே திசையில் ஓடும் டிசி மின்சாரம். வீட்டுக்குக் கம்பத்திலிருந்து வருவது ஏசி, திசை மாறி மாறி ஓடுவது. டிசிக்கென்று செய்த சுவிட்சைத்தான் பேனலுக்கு வைக்க வேண்டும் என்பது விதி. வீட்டுக்குப் போடும் ஏசி சுவிட்சை வைத்தால், அணைக்கும்போது உள்ளே எழும் தீப்பொறி அறுபடாமல் நின்று எரியும். அந்தப் பெட்டியில் டிசி என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பாய் அதை நம்பி சுவிட்சைக் கீழே தள்ளினார்.

உள்ளே இருந்தது ஏசி சுவிட்ச். சீறிக்கொண்டு வெல்டிங் போல வெளிச்சம் வந்தது. பிளாஸ்டிக் உருகி அவருடைய வலது கையில் வழிந்தது. வீட்டுக்காரர் ஓடிப்போய் மெயினை அணைத்தார். அதனால் என்ன ஆகும்? வெயில் இருக்கும்வரை பேனல் மின்சாரம் தந்துகொண்டேதான் இருக்கும். நான் மாடிக்கு ஓடி, அங்கே கிடந்த தார்ப்பாயை இழுத்துப் பேனல்கள்மேல் போர்த்தினேன். பிறகுதான் கீழே சீறல் நின்றது. பாய் சுவரோரம் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மற்றவை மடங்கவில்லை. நான் பாயைப் பார்க்கப் போனேன்.

"இன்னும் எத்தினி வீட்ல இத்த மாட்டி வெச்சிக்கீறாங்களோ. நீ போய்ப் பாருப்பா" என்றார்.

அதே ஆட்கள் வேலை செய்த வீடுகளை ஓரிக்கை வீட்டுக்காரரிடம் விசாரித்துக்கொண்டு போனேன். ஒரு அம்மா மட்டும் பெட்டியைத் திறந்து பார்க்க விட்டார். அங்கேயும் அதே சுவிட்ச். பொழுது சாயும்வரை காத்திருந்து மாற்றிக் கொடுத்தேன். மற்றவர்கள் வாசலோடு அனுப்பிவிட்டார்கள். நடந்ததையெல்லாம் சொன்ன பிறகும் ஏனாத்தூரில் ஒருவர், "நல்லாத்தானே ஓடிக்கினு இருக்குது. வேல புடிக்க வந்தியா?" என்று கேட்டார்.

பாயிடம் போய்ச் சொன்னேன். ஒரு வீடுதானா என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இப்போது பாய் தன் அண்ணன் கடையில் உட்கார்ந்திருக்கிறார். சட்டைப் பொத்தானை அவர் மனைவிதான் போட்டுவிடுகிறார். நான் போனால் டீ சொல்வார். வேலையைப் பற்றிக் கேட்பதில்லை. நானும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.