டெல்மர் வாங்கிய இழுவைக் கம்பி

என் தங்கை நடீனின் கணவர் டெல்மருக்கு ஓரிடத்தில் மூன்று நாள் இருப்புக் கொள்ளாது. அந்தக் குளிர்காலம் அரிசோனா பாலைவனத்தில், படுக்கையும் அடுப்பும் உள்ள எங்கள் வீட்டு வண்டியை நிறுத்தியிருந்தோம். யூட்டாவில் எங்கள் சித்தப்பா மகன் ராய்ஸ் வீட்டார் வியாழக்கிழமை காலையில் ஜீப்புகளில் பாறையேறப் புறப்படுவார்கள். அதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று டெல்மர் தவித்தார். தன் ஜீப்பை வீட்டு வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்க, ஐயாயிரம் பவுண்டு தாங்கும் கம்பி ஒன்றை அவசரமாக வாங்கிவந்தார்.

“ஜீப்ப எடை போட்டியா?” என்றாள் நடீன்.

“ஜீப்போட வந்த புத்தகத்துல நாலாயிரத்து நானூறுன்னு போட்டிருக்கே.”

“இரும்பு பம்பரு, வண்டி மாட்டிக்கிட்டா இழுக்குற வின்ச்சு எல்லாம் நீ மாட்டுனது புத்தகத்துக்குத் தெரியுமா? கல்யாணத்தன்னிக்கு நீ இருந்த எடைய இப்ப சொல்ற மாதிரி இருக்கு!”

லாரி எடைமேடையில் ஏற்றிப் பார்த்தால், ஜீப் ஐயாயிரத்து அறுநூறு பவுண்டு காட்டியது. பெரிய கம்பி சனிக்கிழமைதான் வரும் என்றார் கடைக்காரர். டெல்மர் ஜீப்பைச் சுற்றிச் சுற்றி நடந்தார். நடீன் பொறுமையிழந்து சாவியைப் பிடுங்கினாள்.

“நீ வீட்டு வண்டிய ஓட்டு. நான் ஜீப்புல பின்னாலயே வர்றேன்.”

நான் வீட்டு வண்டியில் டெல்மர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வழியெல்லாம் அவர் கண் பக்கக் கண்ணாடியிலேயே இருந்தது.

“மச்சான், அவ வர்றாளா பாரு.”

“வர்றா, ரோட்டப் பாத்து ஓட்டுங்க!”

புதன்கிழமை மாலையே போய்ச் சேர்ந்துவிட்டோம். ராய்ஸ் ஓடிவந்து கட்டிக்கொண்டான். டெல்மர் அவனிடம் கேட்ட முதல் கேள்வி, “திரும்பிப் போறப்ப நடீன் என் பக்கத்துல இருக்கணும், இங்க பெரிய கம்பி எந்தக் கடையில கிடைக்கும்?”