பத்துக் கிலோமீட்டர் பள்ளம்

வடிகால் துறையின் வரைபடப் பிரிவில் அவரை எல்லோரும் கட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். நகரத்தைப் பார்த்தால் மற்றவர்களுக்குத் தெருவும் கடையும் தெரியும். அவருக்குச் சின்னச் சின்னச் சதுரக் கட்டங்கள் தெரியும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண், அந்த இடத்தில் தரை எவ்வளவு உயரம் என்று. இந்த எண்களெல்லாம் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் வந்து சேரும். தலைப்பில் ஆறு வரி இருக்கும். எத்தனை கட்டம், மூலை எங்கே, கட்டத்தின் அகலம் என்ன என்பதெல்லாம் முதல் ஐந்தில் முடிந்துவிடும். அளக்காத இடத்துக்கு எந்த எண்ணைப் போட்டிருக்கிறோம் என்று ஆறாவது வரி சொல்லும். அதை மேப் மென்பொருளுக்குள் ஏற்றி, வண்ணம் கொடுத்து, சட்டம் போட்டுத் தருவது அவர் உத்தியோகம். திறமையாகவே செய்வார். அந்தத் தரையில் நேரில் போய்க் கால் வைத்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் மட்டும் அவருக்குக் கிடையாது.

அவருடைய அக்கா ஒரு சந்தில் குடியிருந்தாள். நாலு தூறல் விழுந்தால் போதும், சாக்கடைத் தண்ணீர் விருந்தாளி மாதிரி நேரே அடுப்படிக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். தம்பியிடம் அக்கா வேறு எதையும் கேட்டதில்லை. முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது, இறைத்து வெளியே தள்ள எங்கள் சந்துக்கு ஒரு பம்ப் போடச் சொல்லுடா என்பதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள். தம்பியும் ஆகட்டும் ஆகட்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஒருவழியாகத் துறை கண் விழித்தது. காரின் தலையில் கருவியைக் கட்டி ஊரையே அளந்து வந்தார்கள். வரைபடத்தில் எந்தத் தெரு தாழ்வாக இருக்கிறதோ அதற்குப் பம்ப் என்று முடிவானது. கார் நுழையாத சந்துகளை யாரும் கண்டுகொள்ளவில்லை. அக்காவின் சந்து முழுக்க மைனஸ் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்ற எண்ணோடு வந்தது. அளக்கவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். வரைபடத்தில் அந்த இடம் வெள்ளை ஓட்டையாக நின்றது.

பிரிவுப் பொறியாளருக்கு ஓட்டை பிடிக்கவில்லை. "அளக்கலைன்னு வெளிய தெரிஞ்சா நம்ம மானம் போயிடும். அக்கம்பக்கத்து உயரத்தைப் பாத்து ரொப்பிடுங்க" என்றார். அக்கம்பக்கம் என்றால் ஒரு பக்கம் மேடாக்கிய சாலை, மறுபக்கம் மண் கொட்டி உயர்த்திய அடுக்குமாடிகள். ரொப்பினால் அக்காவின் சந்து ஒரு குட்டி மலையாகிவிடும். மலைக்கு எவன் பம்ப் வைப்பான்?

கட்டம் கையைப் பிசைந்தார். இரண்டு ஆளை அனுப்பிச் சந்தை அளந்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நாற்காலியை விட்டு எழாமலே எல்லாவற்றையும் சரிபண்ணிப் பழகிய மனிதர். எப்படியும் பொய்தான், அக்காவுக்கு உதவுகிற பொய்யாக இருக்கட்டும் என்று முடிவுகட்டி, ஃபைலின் ஆறாவது வரியை அழித்துவிட்டு மென்பொருளில் ஏற்றினார். அந்த எண் வெறும் அடையாளம் என்று சொல்ல ஆளில்லாததால் மென்பொருள் அதை நிஜ உயரமாகவே நம்பிவிட்டது. அக்காவின் சந்து கடல் மட்டத்துக்குக் கீழே பத்துக் கிலோமீட்டர் ஆழத்துக்குப் போயிற்று. அவ்வளவு பெரிய பள்ளத்துக்கு முன்னால் ஊரின் மற்ற மேடுபள்ளங்களெல்லாம் ஒன்றுமில்லாமல் போய், நகரம் முழுக்க ஒரே வெளிறிய பச்சை. நட்ட நடுவில் ஒரு கருநீலம்.

பம்ப் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்தில் ஆணையர் அசந்துபோனார். முன்பெல்லாம் ஏகப்பட்ட வண்ணங்களைப் போட்டுக் குழப்புவார்கள், இப்போதுதான் ஒரு வரைபடம் புரிகிறது என்று மனமாரப் பாராட்டினார். வரைபடத்தின் ஓரத்தில் ஆழம் என்று போட்டிருந்த எண்ணை யாரோ படித்துவிட்டு என்னவென்று கேட்டார்கள். அது கம்ப்யூட்டர் கணக்கு என்றார் பொறியாளர். கணக்கு என்றதும் எல்லோரும் தலையாட்டினார்கள். அன்று சாயங்காலமே கட்டம் அக்காவைக் கூப்பிட்டு, காரியம் முடிந்தது என்று சொன்னார். அக்கா சந்து முழுக்கத் தம்பி புராணம் பாடினாள்.

பம்ப் வரவில்லை. பெயிண்ட் டப்பாவோடு இரண்டு பேர் வந்தார்கள். சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சுவரில் சிவப்புக் கோடு இழுத்தார்கள். இவ்வளவு ஆழம் இருந்தால் அது தெருவாக இருக்க முடியாது, ஏரியாகத்தான் இருக்கவேண்டும் என்று ஆணையர் எழுதிவிட்டாராம். ஏரிக்குள் வீடு கட்டியவர்கள் மழைக்கு முன்னால் காலி செய்யவேண்டும்.

செய்தி கட்டத்தின் காதுக்கு வந்தது. பொறியாளரிடம் ஓடி நடந்ததையெல்லாம் கொட்டினார். பொறியாளர் கோபப்படவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "இப்ப போய் உண்மையைச் சொன்னா, அன்னிக்குத் தலையாட்டின அத்தனை பேரும் முட்டாள்னு ஆகிடும். அது ஏரின்னே இருந்துட்டுப் போகட்டும். உங்க அக்காவுக்கு வேணா வேற எங்கயாவது இடம் பாத்துத் தரலாம்."

கட்டம் அங்கிருந்து நேரே சந்துக்குப் போனார். அக்கா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். சிவப்புக் கோடு அவள் தலைக்கு மேல் ஓடியது.

"நீ அளந்துதானேடா போட்டே?" என்றாள்.

"இல்லக்கா. யாருமே அளக்கல."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. "அப்ப இப்ப அள" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவருக்கு அவமானத்தில் கண் கலங்கியது.

மறுநாள் கிடங்கிலிருந்து மட்டம் பார்க்கும் கருவியைத் தூசி தட்டி எடுத்துவந்தார். சாலை முனையில் முக்காலியை ஊன்றி, அளவுகோலை ஒவ்வொரு வாசலிலும் அந்த வீட்டாரையே நிறுத்தச் சொல்லிக் குனிந்து குனிந்து பார்த்தார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. வேலை போனாலும் போகட்டும், இந்த எண்களோடு ஆணையர் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று நடுவிலேயே தீர்மானித்துவிட்டார். சாலையைவிட ஒரு சாண் தாழ்ந்திருந்தாலே பம்ப் கொடுக்கலாம் என்று துறையின் விதியே சொல்கிறது.

கடைசியாக அக்கா தன் வாசலில் அளவுகோலைப் பிடித்துக்கொண்டாள். அவர் பார்த்தார். நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தார்.

"எவ்வளவுடா?"

"சாலையைவிட முழங்கால் அளவு பள்ளம், அக்கா."

"அதைத்தானேடா நான் வருஷா வருஷம் உங்கிட்ட சொல்லிட்டிருக்கேன்" என்றாள் அக்கா.