மகாராணியின் கறுப்பும் என் தாலிக்கொடியும்

சிலைக்கு முன்னால் நான் சிலுவை போட்ட கதையை எங்கள் கோயில் சனம் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. சிரிக்கட்டும். அதே நாளில் பாராளுமன்ற வாசலில் நடந்ததை மட்டும் ஒருத்தரும் சொல்கிறதில்லை. அதனால் இரண்டையும் நானே எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்தில் பிழை இருக்கும். பொய் இருக்காது.

முதலில் வீட்டு நிலவரத்தைச் சொல்ல வேண்டும். எனக்கு ஒரே மகள். மெல்பனுக்கு வெளியே கிரெய்கிபர்னில் நாங்கள் இரண்டு பேரும்தான். முதியோர் இல்லமொன்றின் குசினியில் சமையல் வேலை செய்து அவளைப் படிப்பித்தேன். இப்போது அவளுக்குக் கலியாணம் முற்றாகியிருந்தது. மாப்பிள்ளை நல்ல பிள்ளை, பூசைக்கு ஒழுங்காக வருகிறவர். அவருடைய தாய் யாழ்ப்பாணம், முந்தி அங்கே பள்ளிக்கூட ரீச்சராக இருந்தவர். நாங்கள் மன்னார்க் கரை. இரண்டு பக்கமும் கத்தோலிக்கர் என்றபடியால் வேதத்தில் சிக்கல் இல்லை. சிக்கல் என் கழுத்தில் இருந்தது.

கடைசி யுத்தத்தில் சனத்தோடு சனமாக நாங்கள் வெளியே வந்தபோது ஆமிக்காரர் ஆம்பிளைகளை வேறு பஸ்ஸில் ஏற்றினார்கள். விசாரித்துவிட்டு விடுவார்களாம். என் மனுசன் பஸ் யன்னலால் தலையை நீட்டி, "பிள்ளைக்குத் தண்ணி குடு" என்றார். அதுதான் கடைசிப் பேச்சு. அதற்குப் பிறகு அவரைக் கண்டவர் இல்லை. செத்தார் என்று சொல்ல ஒரு உடலும் இல்லை, ஒரு சாட்சியும் இல்லை. முகாமில் தோட்டை விற்றேன், காப்பை விற்றேன். சட்டை விளிம்புக்குள் தைத்து வைத்திருந்த தாலிக்கொடியை விற்கவில்லை. பரிசுத்த ஆவியின் புறா பொறித்த தாலி. எங்கள் மன்னார்ப் பக்கத்து மருதமடு மாதாவிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன்: அவர் இல்லை என்று நீர் எனக்குக் காட்டும் மட்டும் இதைக் கழற்ற மாட்டேன். மாதா இன்னும் ஒன்றும் காட்டவில்லை.

சம்பந்தியம்மா ஒருநாள் கேக்கோடு வீட்டுக்கு வந்து, மெதுவாக விசயத்தை எடுத்தார். கலியாணத்துக்கு முன்னம் என் மனுசனின் ஆத்துமத்துக்கு ஒரு பூசை கொடுத்துவிட வேண்டுமாம். அழைப்பிதழில் அவர் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போட வேண்டுமாம். நானும் கழுத்தில் கிடப்பதைக் கழற்றிவிட வேண்டுமாம்.

"கோபிக்காதேங்கோ. சனம் மண்டபத்தில வந்து தகப்பன் எங்க எண்டு கேட்டா என்ன சொல்லுறது? ஒரு படத்தை வைச்சு மெழுகுதிரி கொளுத்தினா அவருக்கும் மரியாதை, எங்களுக்கும் மரியாதை. ஞாயிற்றுக்கிழமைக்கிடையில சொல்லுங்கோ, பத்திரிகை அடிக்கக் குடுக்கவேணும்."

அவர் போன பிறகு மகளைப் பார்த்தேன். அவள் கேக் தட்டைக் கழுவிக்கொண்டே, "அம்மா, பிளீஸ். எனக்குச் சண்டை வேண்டாம். நீங்களே டிசைட் பண்ணுங்கோ" என்றாள். அவளில் பிழை சொல்ல மாட்டேன். தகப்பனின் முகம் அவளுக்கு ஞாபகமே இல்லை.

அந்தக் கிழமைதான் எங்கள் கோயில் மூத்தோர் குழுவை மெல்பன் நகரத்தில் நடந்து சுற்றிப்பார்க்கக் கூட்டிப்போனார்கள். அரச குடும்பத்துச் சிலைகள், ஆளுநர் மாளிகை, கடைசியாகப் பாராளுமன்றம். நடத்திக்காட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வந்தார். பெரிய தொப்பி, மெலிந்த கால், எங்கள் எல்லோரையும் விட வயசு கூட. ஆனால் நடையென்றால் நடை! நாங்கள் பின்னால் ஓடினோம். சம்பந்தியம்மா என் பக்கத்திலேயே வந்தார். என் இங்கிலீசு எனக்குப் போதும் என்றாலும் ஒவ்வொரு வசனத்தையும் மொழிபெயர்த்தார்.

ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் பூங்காவுக்குள் திரும்பினோம். மரங்களுக்கிடையில் தூரத்தில் ஒரு வெள்ளைச் சிலை தெரிந்தது. உயரமான பீடம். தலையில் முக்காடு, முக்காட்டுக்கு மேல் முடி, கீழே சுற்றிவரப் பூப்பாத்தி. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இந்த ஊரில் நடுத் தோட்டத்தில் மாதாவை வைத்திருக்கிறார்களே என்று நினைத்தபடி சப்பாத்தைக் கழற்றிவிட்டு, முழங்காலை மடித்து, சிலுவை போட்டு, "அருள் நிறைந்த மரியே" தொடங்கிவிட்டேன். எனக்குப் பின்னால் வந்த இரண்டு அன்ரிமாரும் என்னைப் பார்த்துச் சிலுவை போட்டார்கள்.

"ஐயோ, எழும்புங்கோ!" சம்பந்தியம்மா என் தோளைப் பிடித்து இழுத்தார். "அது மாதா இல்ல. இங்கிலாந்து மகாராணி!"

கிட்டப் போய்ப் பார்த்தேன். கையில் பாலனும் இல்லை, செபமாலையும் இல்லை. கன்னம் உப்பின முகம், வாய் இரண்டு பக்கமும் கீழே இறங்கியிருந்தது. இந்த மாநிலத்துக்கே தன்னுடைய பெயரைக் கொடுத்த பழைய மகாராணியாம்.

"மகாராணிக்கு ஒரு அருள் நிறைஞ்ச மந்திரம் சொல்லியாச்சு" என்று ஒரு அங்கிள் சொல்ல, எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "அவவுக்கும் தேவைப்படும், விடுங்கோ" என்றேன்.

நடத்திக்காட்டியவர் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும் மட்டும் நின்று, பிறகு மகாராணியின் கதையைச் சொன்னார். மகாராணிக்குப் புருசனில் உயிராம். அந்த மனுசன் நடு வயதிலேயே காய்ச்சலில் செத்துப்போனார். அன்றைக்கு உடுத்த கறுப்பை மகாராணி சாகும் மட்டும் மாற்றவில்லை. அதுமட்டுமில்லை. அந்த மனுசன் இருந்த அறையில் தினமும் மாற்றுடுப்பு எடுத்து வைக்கச் செய்தாராம். முகம் வழிக்கச் சுடுதண்ணீர் கொண்டுபோய் வைக்கச் செய்தாராம். வருசக்கணக்காக. செத்த மனுசனுக்கு!

"எவ்வளவு அன்பு பாருங்கோ," சம்பந்தியம்மா மொழிபெயர்த்து முடித்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "அதுதான் உண்மையான பெண்சாதி."

கறுப்புடுத்தவளை வெள்ளைக் கல்லில் செதுக்கி, பூ நட்டு, சனத்தைக் கூட்டிவந்து காட்டுகிறார்கள். சுடுதண்ணீர் வைத்தவளை ஒருத்தரும் விசர், பைத்தியம் என்று சொல்லவில்லை.

"சம்பந்தியம்மா, ஒண்டு கேக்கட்டே?"

"கேளுங்கோ."

"அவவின்ர மனுசன் செத்தது அவவுக்குத் தெரியும். பக்கத்தில இருந்து பார்த்தவ. அதுக்குப் பிறகும் சுடுதண்ணி வைச்சவ. அவ உண்மையான பெண்சாதி. என்ர மனுசன் செத்ததோ இருக்கிறதோ உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் மட்டும் ஏன் கழட்ட வேணும்?"

அவருடைய முகம் சிவந்துபோனது. "அதையும் இதையும் ஒப்பிடக் கூடாது. அவ மகாராணி."

"மகாராணிக்கு ஒரு ஞாயம், குசினிக்காரிக்கு ஒரு ஞாயமோ?"

"உங்களோட கதைக்கேலாது," என்று சொல்லிவிட்டு அவர் முன்னுக்குப் போய்விட்டார். ஆளுநர் மாளிகையை மரங்களுக்கு மேலால் காட்டினார்கள். வெள்ளைக் கோபுரம். அதில் யார் இருந்தார், எத்தனை அறை என்றெல்லாம் சொன்னார்கள். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. பாலத்தால் திரும்பி வரும்போது செபமாலையை உருட்டிக்கொண்டு வந்தேன். கோபத்தோடு செபிக்கக்கூடாது என்று சாமியார் சொல்லியிருக்கிறார். கோபம் இல்லாமல் செபிக்கிற நாள் வந்தால் அப்படிச் செபிக்கலாம்.

பாராளுமன்றப் படிகள் அகலமானவை. ஏறி முடிக்க எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. முந்தி ஒரு காலம் முழு நாட்டுக்கும் இதுதான் பாராளுமன்றமாக இருந்ததாம். "இது மக்களின் வீடு, உங்களுடைய வீடு" என்றார் நடத்திக்காட்டியவர். வாசலில் விமான நிலையத்தில் இருப்பது போல, உலோகத்தைக் கண்டால் கத்துகிற ஒரு நிலைச்சட்டம். அதற்குள்ளால் நடக்க வேண்டும். கைப்பை, தொலைபேசி, இடுப்புப் பட்டி எல்லாவற்றையும் தட்டில் போட்டுவிட்டு ஆட்கள் போனார்கள். நான் நடந்தபோது அது கத்தியது.

காவலுக்கு நின்றவர் ஒரு சீக்கியச் சர்தார். நீலத் தலைப்பாகை, நரை கலந்த தாடி. மரியாதையாகத்தான் கேட்டார். "கழுத்தில் சங்கிலி இருக்கிறதா அம்மா? தட்டில் போடுங்கள்."

சட்டைக்கு மேலால் தாலிக்கொடியைப் பொத்திப் பிடித்தேன். "நோ."

வரிசை நின்றுவிட்டது. பின்னால் இருமல், முணுமுணுப்பு. உள்ளே போய் நின்ற சம்பந்தியம்மா திரும்பி வந்து, தமிழில் தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஒரு நிமிசம்தானே. கழட்டிப் போட்டு எடுங்கோ. எங்களுக்கெல்லாம் வெக்கமாக் கிடக்கு."

"உங்கட தாலி எங்க சம்பந்தியம்மா? நீங்கள் கத்தாமல் போனீங்களே."

"அது பாங்க் லொக்கரில. கலியாண வீடுகளுக்குத்தான் எடுக்கிறது. களவு பயம்."

"மனுசன் வீட்டில இருக்கேக்க உங்கடது லொக்கரில. அதை ஒருத்தரும் கேக்கேல்ல. கேக்கவும் தேவையில்ல. என்ரயை மட்டும் ஏன் எல்லாரும் கேக்கிறியள்?"

அவர் திரும்ப உள்ளே போய்விட்டார்.

இன்றைக்கு ஒரு நிமிசத்துக்குக் கழற்றினால் ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாகக் கழற்றுவது சுலபமாகிவிடும். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. உள்ளே போகாமல் படியில் குந்தியிருக்கவும் தயார். ஆனால் பிறகு யோசித்தேன். மக்களின் வீடு என்று சொன்னார்களே? நானும் மக்கள்தானே? நான் ஏன் வெளியே நிற்க வேண்டும்?

சர்தாரின் மணிக்கட்டில் அவர்கள் வேதத்துக்காகப் போடுகிற இரும்புக் காப்பு இருந்தது. அதைக் காட்டினேன். "யூ ரிமூவ்?" என்று கேட்டேன்.

அவர் காப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நெவர்."

"மீ ரூ, நெவர். ஹஸ்பண்ட். நொட் டெட்."

அந்த மனுசன் தாடிக்குள்ளால் சிரித்தார். பிறகு ஒரு பெண் காவலரைக் கூப்பிட்டார். அவர் ஒரு கறுத்த தடியைக் கொண்டுவந்து என் மேலும் கீழும் தடவினார். அது கழுத்தில் கத்தியது. சட்டையை விலக்கித் தாலியைக் காட்டினேன். புறாவைப் பார்த்து, "பியூட்டிஃபுல்" என்றார். அவ்வளவுதான். நான் போட்டது போட்டபடி உள்ளே நடந்தேன்.

உள்ளே சபை மண்டபம். மேலெல்லாம் பொன் பூச்சு, கீழே சிவப்புக் கதிரைகள். எங்களைப் பார்வையாளர் பக்கம் இருக்கச் சொன்னார்கள். சபை கூடும்போது செபத்தோடு தொடங்குகிற வழக்கம் உண்டு என்று நடத்திக்காட்டியவர் சொன்னார். எங்கள் குழு சும்மா இருக்குமா? ஒரு அன்ரி மெதுவாக "பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்க, எல்லோரும் சேர்ந்து சொன்னோம். அந்தப் பொன் கூரைக்குக் கீழே தமிழில். நடத்திக்காட்டியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

திரும்பும் ரயிலில் சம்பந்தியம்மா எனக்கு எதிரில் இருந்தார். "அப்ப பத்திரிகையில என்ன போடுறது?" என்று கேட்டார்.

"அவரின்ர பேரைப் போடுங்கோ. முன்னுக்கு ஒண்டும் வேண்டாம்."

"சனம் கேக்குமே."

"கேக்கட்டும். என்னட்ட அனுப்புங்கோ. பதில் நான் சொல்லுறன்."

"படம்?"

"மாலை போடாத படம் எண்டா வைப்பம். மெழுகுதிரி வேண்டாம்."

"நீங்கள் சரியான பிடிவாதம்," என்றார்.

"ஓம்," என்றேன்.

இறங்கும்போது அவர் என் கைப்பையைத் தூக்கித் தந்தார். சம்மதம் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மகாராணிக்கு முழங்காலில் நின்றதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். சுடுதண்ணீர்க் கதைக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "அப்பா பஸ்ஸில போகேக்க என்ன சொன்னவர், திரும்பச் சொல்லுங்கோ" என்றாள். சொன்னேன். "எனக்கா தண்ணி கேட்டவர்?" என்றாள். "உனக்குத்தான்" என்றேன். அதற்குப் பிறகு பத்திரிகைக் கதையை அவளே மாமியோடு பேசினாள்.

பூசை கொடுக்க வேண்டும் என்றார்களே, அதை நான் மறுக்கவில்லை. மறுநாள் கோயில் அலுவலகத்துக்கு ரெலிபோன் எடுத்தேன். எடுத்த பெண் இறந்தவருக்கா என்று கேட்டார். "இல்லை, லிவிங்" என்றேன். அவருடைய சுகத்துக்காக, எங்கிருந்தாலும் கடவுள் அவரைக் காக்க வேண்டும் என்று.

ஞாயிற்றுக்கிழமை சாமியார் முதலில் நோயாளிகளுக்காகவும் சிறப்புக் கருத்துகளுக்காகவும் மன்றாடினார். அதில் என் மனுசனின் பெயர் வந்தது. பிறகுதான் மரித்தவர்களின் பெயர்கள். கோயில் சனம் திரும்பி என்னைப் பார்த்தது. நான் நிமிர்ந்துதான் இருந்தேன். ஒரு பக்கம் மகள். மற்றப் பக்கம் சம்பந்தியம்மா. அவர் கழுத்தில் அன்றைக்கும் ஒன்றும் இல்லை. அது அவருடைய விருப்பம். "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சனம் சொன்னபோது அவருடைய ரீச்சர் குரல்தான் எல்லோருக்கும் மேலால் கேட்டது.

பத்திரிகை அடித்து வந்துவிட்டது. என் மனுசனின் பெயர் முதல் வரியில் இருக்கிறது. முன்னால் ஒன்றும் இல்லை.