கடை சிடி வரும்வரை வாயைத் திறக்கவில்லை

கம்ப்யூட்டரின் சிடி டிரேயை உள்ளே தள்ளியதும் கர்ர்ரென்று ஒரு சத்தம் வரும்... மேசையே லேசாக அதிரும். சிடியின் மேல் மார்க்கர் பேனாவில் விளையாட்டின் பெயர். மூக்கருகே கொண்டுபோனால் மை வாசனை.

கடைக்கு வருவதற்கு முன்பே, விமர்சனத்துக்கென்று கேம் கம்பெனி அனுப்பிய சிடி அது.

அப்போது அண்ணாமலையார் கோயில் ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் குடியிருந்தேன். கம்ப்யூட்டரை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கழற்றி, கெடுத்து, மாட்டிக் கற்றுக்கொண்டேன். சென்னையில் ஒரு வார இதழுக்கு வீடியோ கேம் விமர்சனம் எழுதினேன். நாற்பது வயதில் கேம் ஆடுகிறானே என்று தெருவே சிரித்தது. சிரிக்கட்டும்.

சிடியோடு ஒரு நிபந்தனையும் வந்தது. எம்பார்கோ என்றார்கள். சொன்ன தேதிக்கு முன் எதுவும் எழுதக் கூடாது. அதில் எனக்குச் சண்டை இல்லை. அவசரமில்லாமல் முழுசாக ஆடி முடிக்கலாமே.

ஆனால் ஆசிரியர் போனில் இன்னொன்று சொன்னார்.

"பாராட்டி எழுதினா ரிலீஸுக்கு ஒரு வாரம் முன்னாடியே போடலாமாம் சார். குறை இருந்தா ரிலீஸுக்கு அப்புறம்தானாம்."

"அதுக்குப் பேரு விமர்சனம் இல்லங்க. வரவேற்பு பேனர்."

"உங்களுக்குத்தான் கேம் பிடிச்சிருக்கே?"

பிடித்துத்தான் இருந்தது. கடைசி வரை எங்கேயும் நிற்காமல் ஓடியது. இருந்தாலும் அது எனக்காக அனுப்பிய சிடி. ஜனங்கள் வாங்கப் போவது கடை சிடி. அதை ஆடிப் பார்க்காமல் ஒரு வரி தர மாட்டேன் என்றேன். போன் பட்டென்று வைக்கப்பட்டது.

சேகரின் தொல்லை அதைவிட ஜாஸ்தி. செங்கம் ரோட்டில் கேம் சென்டர் வைத்திருந்தான். அந்த மாசப் பௌர்ணமிக்கு முந்தின நாள் கேம் ரிலீஸ். கிரிவலக் கூட்டத்தை நம்பி, எல்லா மெஷினிலும் பழசை அழித்துவிட்டு இதையே ஏற்ற நினைத்தான். நான் நல்லா இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பேனர் கட்டிவிடுவான்.

"என் காதுல மட்டும் சொல்லுண்ணா. அண்ணாமலையார் மேல சத்தியமா வெளிய விட மாட்டேன்."

"கடை சிடி வரட்டும்பா."

"அப்புறம் இன்னாத்துக்கு உனக்கு முன்னாடியே அனுப்புறானுங்க? பூஜை போடவா?"

ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ரிலீஸ் அன்று கடை சிடியை வாங்கிக்கொண்டு அவன் சென்டருக்கே போனேன். ஒரே ஒரு மெஷினில் ஏற்றினோம். மூன்றாவது கட்டத்தில் படகு ஆற்றில் இறங்கும்... அங்கே திரை உறைந்தது. திரும்ப ஆரம்பித்தோம். அதே படகு, அதே இடம். வேறு மெஷினிலும் அதேதான். கடைசி நேரத்தில் எதையோ மாற்றியிருக்கிறார்கள்.

சேகர் மூலையில் சுருட்டி வைத்திருந்த பேனரைப் பார்த்தான். பிறகு என்னை.

"நல்லவேளைண்ணா... நீ வாயத் தொறக்கல."

அன்றைக்கு விட்ட நிம்மதிப் பெருமூச்சு இன்னும் நினைவில் இருக்கிறது. பௌர்ணமிக் கூட்டம் பழைய கேமையே ஆடிவிட்டுச் சந்தோஷமாகப் போனது.

இதழில் மட்டும் வேறொருவர் பேரில் பாராட்டு முன்பே வந்திருந்தது. எனக்கு அதன்பின் சிடி வரவில்லை. தப்பு நடந்துவிட்டது என்று ஆசிரியரிடமிருந்து இன்றுவரை ஒரு போன் கிடையாது. அந்தக் கோபம் ஆறாது, ஆற விடவும் மாட்டேன்.

இப்போது செல்போனில் விமர்சனம் படிக்கிறேன். பல பேர் முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறார்கள்... கேமை யார் கொடுத்தது, எந்த மெஷினில் ஆடினேன், ரிலீஸ் அன்று வந்த அப்டேட்டைப் பார்த்தேனா இல்லையா என்று. "இன்னும் முடிக்கவில்லை, மார்க் பிறகு" என்றுகூட ஒருவர் எழுதியிருந்தார். நான் கேட்டதும் இவ்வளவுதான். இன்றைக்கும் முன்கூட்டியே பேனர் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் விற்பனைக்கு வந்த ஒரு மணி நேரத்தில் ஊரே ஆடிப் பார்த்துச் சொல்லிவிடுகிறது. நான் ஒருவனே பிடிவாதமாக நிற்க வேண்டியதில்லை. அப்பாடா.

சேகர் இப்போது ஆசிரமம் பக்கம் ரூம் வாடகைக்கு விடுகிறான், கீழே சின்ன கஃபே. போன வாரம் புதுசாக ஏதோ இஞ்சி டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தான். ஒரு வாய் குடித்தேன்.

"எப்படிண்ணா இருக்குது? இல்ல, ரிலீஸ் ஆவட்டுமா?"

"இது எனக்குப் போட்டதா, கடைக்குப் போட்டதா?"

சிரித்துக்கொண்டே பக்கத்து மேசைக்காரருக்குப் போட்டு வைத்திருந்த டீ டம்ளரை எடுத்து என் முன்னால் வைத்தான்.