வெள்ளையாய் விட்ட கடல்

போர் நடந்த அந்த நாட்களில் கொழும்பில் கடல் ஆராயும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தேன். வானில் சுற்றும் செய்மதி மேலிருந்து ராடார் அலையைக் கடல்மேல் அனுப்பும். அது திரும்பிவர எடுக்கும் நேரத்தை வைத்து நீர் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று கணக்கிடுவோம். அதிலிருந்து நீரோட்டத்தின் திசை தெரியவரும். படத்தில் அம்புக்குறி போடுவது என் வேலை.

இவ்வளவு விஞ்ஞானத்தில் அம்மாவுக்கு வேண்டியது ஒன்றுதான். தம்பி மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குப் படகேறி நாலு மாதம், கடிதமில்லை. என்ஜின் நின்றிருந்தாலும் ஓட்டம் அவனைக் கரைசேர்த்திருக்கும் என்று நம்பினார். வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த அறை வாசலில் நான் செருப்பைக் கழற்ற முன்னமே கேள்வி வரும்.

“இண்டைக்குக் கடல் எந்தப் பக்கம் ஓடுது?”

“இந்தியாப் பக்கம்தான் அம்மா.”

ஒருநாள், “உந்தப் படத்தை ஒருக்காக் கொண்டு வா பாப்பம்” என்றார். சொல்வது சுலபம். காலி நகருக்குப் போகும் வீதியில் இருந்த சோதனைச் சாவடியில் தமிழ்ப் பெண்ணின் பையில் கடல் வரைபடம் அகப்பட்டால், நான் என்ன விளக்கம் சொன்னாலும் எடுபடாது. எட்டாக மடித்துச் சாப்பாட்டுப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். ஆமிக்காரன் பெட்டியைத் திறந்தான், சம்பல் வாசம் வந்தது, போகச் சொன்னான்.

அம்மா படத்தைக் கட்டிலில் விரித்தார். தெற்கே அம்புகள் நெருக்கியடித்தன. மன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையில் ஒன்றுகூட இல்லை.

“இதேன் வெள்ளையாக் கிடக்கு?”

“கரை கிட்ட எண்டா ராடார் பிழையாக் காட்டும். அதால விட்டிடுவம்.”

சொன்ன பிறகுதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது விளங்கியது.

“அப்ப இவ்வளவு நாளும் எதைப் பாத்துச் சொன்னனீ?”

அம்மா அதே மடிப்புகளில் படத்தை மடித்துத் தந்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார். எனக்குத் தம்பிமேல்தான் கோபம் வந்தது. ஒரு வரி எழுதிப் போட்டிருக்கக் கூடாதா? அவன் குரலை ஒருதரம் கேட்டால் போதும் என்று ஏங்கினேன்.

மறுநாள் வேண்டுமென்றே பிந்தி வந்தேன். வாசலில் குனிந்து, செருப்பின் வாரை அவிழ்த்தும் அவிழ்க்காமலும் நின்றேன். உள்ளே அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

“இண்டைக்கு எந்தப் பக்கம் ஓடுது?”

“இந்தியாப் பக்கம்தான் அம்மா” என்றேன்.